பள்ளி நூலகக் கணினிகளில் டக்டக்கோ: தமிழில் தேடினால் தேறுமா?

கும்பகோணத்து நூலகி:

வணக்கம். அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் நூலகராக இருக்கிறேன். பிள்ளைகள் பயன்படுத்த 14 கணினிகள் இருக்கின்றன, எதைத் திறந்தாலும் கூகுள்தான் வரும். போன வாரம் எங்கள் தலைமையாசிரியர் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்தார். வந்த நாளிலிருந்து "எல்லாவற்றையும் டக்டக்கோவுக்கு மாற்றிவிடுங்கள் டீச்சர், அது பிள்ளைகளைப் பின்தொடர்வதில்லையாம்" என்று ஒரே பிடிவாதம். மாற்றுவது பெரிய வேலை இல்லை, ஒரு மதியத்தில் முடிந்துவிடும். ஆனால் மாற்றுவதற்கு முன்னால் அந்தத் தேடுபொறியின் நிறை என்ன, குறை என்ன என்று ஒரு பக்கத்துக்கு எழுதித் தருகிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன், இப்போது எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை.

எனக்குத் தெரிய வேண்டியது மூன்று. பின்தொடர்வதில்லை என்பது எந்த அளவுக்கு உண்மை? சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பா? எல்லாவற்றையும் விட, தமிழில் தேடினால் எப்படி? எங்கள் பிள்ளைகளில் பாதிக்கு மேல் தமிழில்தான் தட்டுகிறார்கள். ஒளவையார் ஆத்திசூடி உரை, தாராசுரம் கோயில் கட்டியவர், அடுத்த மகாமகம் எப்போது, இப்படித்தான் கேள்விகள். போன மாதம் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் தாராசுரம் கோயிலைப் பற்றி ஒரு தேடுபொறியில் (எது என்று சொல்லவில்லை, இங்கே சண்டை வேண்டாம்) அரை மணி நேரம் தேடிவிட்டு "ஒண்ணுமே இல்ல மிஸ்" என்று வந்து நின்றான். அந்தக் கோயில் எங்கள் பள்ளியிலிருந்து சைக்கிள் மிதித்தால் போய்ச் சேரும் தூரம்!

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். "கூகுளே போதும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள், அதைத் தலைமையாசிரியரிடம் எடுத்துக்கொண்டு போக முடியாது.


சுவிட்ச்போர்டு:

நாலு வருடமாக என் மடிக்கணினியில் அதுதான் இருக்கிறது, அதனால் நிறையையும் சொல்லலாம் குறையையும் சொல்லலாம்.

முதலில் ஒன்று. டக்டக்கோ முழுக்கத் தன் காலில் நிற்கிற தேடுபொறி அல்ல. கேப்ரியல் வெய்ன்பெர்க் என்பவர் 2008இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் தொடங்கியது. அதற்கென்று ஒரு சிறிய கிராலர் (இணையப் பக்கங்களைப் படித்துச் சேர்க்கிற நிரல்) உண்டு, விக்கிப்பீடியா போன்ற இடங்களிலிருந்து உடனடிப் பதில்களும் எடுத்துப் போடும். ஆனால் நீங்கள் பார்க்கிற வழக்கமான சுட்டிகளும் படங்களும் பெரும்பாலும் மைக்ரோசாஃப்டின் தேடுபொறியான பிங்கிலிருந்து வருபவை. அவர்களே தங்கள் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள், ரகசியம் ஒன்றும் இல்லை. ஆகவே டக்டக்கோ தமிழில் எப்படி என்று நீங்கள் கேட்டால், பிங் தமிழில் எப்படி என்று கேட்ட மாதிரிதான். பிங் ஒரு தமிழ்ப் பக்கத்தைப் படித்திருக்காவிட்டால் இதிலும் அது கிடைக்க வழியில்லை. 2024 மே 23 அன்று பிங் படுத்தது, கூடவே டக்டக்கோவும் ஈகோசியா என்ற இன்னொரு தேடுபொறியும் படுத்தன. அன்றைக்குத்தான் நிறையப் பேருக்கு இந்த உறவே தெரிய வந்தது.

பின்தொடர்வது பற்றி. உங்கள் தேடலை உங்கள் பெயரோடோ கணினியோடோ முடிச்சுப்போட்டு வரலாறாகச் சேர்த்து வைப்பதில்லை என்பதுதான் அவர்கள் கொடுக்கிற வாக்கு. விளம்பரம் உண்டு, அதுவும் மைக்ரோசாஃப்ட் வழியாக வருவதுதான். ஆனால் நீங்கள் அந்த நேரத்தில் தட்டிய சொல்லைப் பார்த்து வருகிறது. "செருப்பு" என்று தேடினால் செருப்பு விளம்பரம், அதோடு சரி. அடுத்த பத்து நாளைக்கு நீங்கள் போகிற செய்தித் தளத்தில் எல்லாம் அந்தச் செருப்பு பின்னாலேயே நடந்து வராது. இது நிஜமான வித்தியாசம், நான் மாறியதே இதற்காகத்தான்.

ஆனால் தலைமையாசிரியர் நினைக்கிற அளவுக்கு இது மாயக் கம்பளம் இல்லை. முடிவைச் சொடுக்கி வேறு ஒரு தளத்துக்குப் போய்விட்டால் அந்தத் தளம் உங்களைப் பார்க்கும், அதன் கண்காணிப்பு நிரல்கள் பார்க்கும். பள்ளிக்கு இணைய இணைப்புக் கொடுக்கிற நிறுவனத்துக்கு நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது தெரியும். 2022 மே மாதம் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் வேறொரு ஓட்டையையும் கண்டுபிடித்தார். டக்டக்கோவின் சொந்த உலாவி மற்ற நிறுவனங்களின் கண்காணிப்பு நிரல்களைத் தடுத்தாலும் பிற தளங்களில் இருந்த மைக்ரோசாஃப்டின் சில நிரல்களை மட்டும் விட்டுவைத்திருந்தது. மைக்ரோசாஃப்டோடு போட்ட ஒப்பந்தம்தான் காரணம் என்று வெய்ன்பெர்க்கே ஒப்புக்கொண்டார், அந்த ஆகஸ்டில் அதையும் தடுக்க ஆரம்பித்தார்கள். இது உலாவியின் கதை, தேடல் பக்கத்தின் கதை அல்ல, இணையத்தில் இரண்டையும் குழப்பித்தான் எழுதுகிறார்கள். இருந்தாலும் "யாரையும் நம்பாதே, எங்களை நம்பு" என்று விற்கிறவன் மாட்டிக்கொண்டால் கொஞ்சம் கூடுதலாகவே உறுத்துகிறது.

எனக்குப் பிடித்தது பேங் குறுக்குவழி. தேடல் பெட்டியில் ஆச்சரியக்குறி போட்டு ஆங்கில டபிள்யூ எழுத்தும் அதன்பின் சொல்லும் தட்டினால் நேரே விக்கிப்பீடியாவுக்குள் போய்த் தேடும், ஜி போட்டால் கூகுளுக்குப் போய்விடும். இப்படி 13,000க்கு மேல் இருக்கின்றன. இதில் ஒரு வேடிக்கை, ஜி போட்டுக் கூகுளுக்குப் போன மறு நொடியே நீங்கள் கூகுளின் வாடிக்கையாளர், டக்டக்கோவின் வாக்கு அங்கே செல்லாது. ஆளுக்கு ஆள் ஜி போட்டுக்கொண்டே இருந்துவிட்டு "நான் டக்டக்கோ ஆள்" என்று சொல்லிக்கொள்கிற நண்பர்கள் எனக்கு உண்டு.

பிடிக்காதது நுணுக்கத் தேடல். கழித்தல் குறி போட்டால் அந்தச் சொல் வரவே கூடாது என்றுதானே நாம் நினைப்போம்? அவர்கள் உதவிப் பக்கத்தைப் படியுங்கள், அந்தச் சொல் "குறைவாக" வரும் என்றுதான் இருக்கிறது. மேற்கோள் குறிக்குள் போட்டாலும் சரியாகப் பொருந்துவது கிடைக்காவிட்டால் கிட்டத்தட்ட வருவதைக் காட்டுவார்களாம். நூலகராக உங்களுக்கு இது எரிச்சல் தரும். குறிப்பிட்ட தளத்துக்குள் மட்டும் தேடுகிற 'சைட்' கட்டளை வேலை செய்கிறது, அதை வைத்துச் சமாளிக்கலாம்.

சின்னப் பிள்ளைகளுக்கு: முகவரியின் முன்னால் 'சேஃப்' சேர்த்தால் கண்டிப்பான வடிகட்டலோடு திறக்கிற தனி வாசல் ஒன்று உண்டு. அதையே முகப்புப் பக்கமாக வைத்துவிடுங்கள். கூகுளிலும் இதே மாதிரி பூட்டி வைக்க முடியும், ஆகவே இந்த ஒன்றில் இரண்டும் சமம்.


வாத்தியார் ரிட்டயர்டு:

கூகுளே போதும். (சொல்லக்கூடாது என்றீர்கள், சொல்லிவிட்டேன்.)

காரணமும் சொல்கிறேன். பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அப்பா போனில் கூகுளில்தான் தேடப் போகிறார்கள். பள்ளியில் ஒன்று வீட்டில் ஒன்று என்று எதற்கு? நம் ஊர்க் கடை, தெரு, பஸ் நிறுத்தம் தேடினால் கூகுள் மேப்ஸில் கடைக்காரர்களே வந்து பதிந்து வைத்திருக்கிறார்கள். டக்டக்கோ வரைபடத்துக்கு ஆப்பிளை நம்பியிருக்கிறது. கும்பகோணத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர் ஆப்பிள் வரைபடத்தில் போய்க் கடையைப் பதிந்திருப்பார் என்றா நினைக்கிறீர்கள்?


சுவிட்ச்போர்டு:

கடை விஷயம் சரி சார், அதில் உங்களோடு வாதாட மாட்டேன். ஆனால் எல்லாரும் பயன்படுத்துகிறார்கள் என்பது கூகுளின் தரத்துக்குச் சான்றாகாது. அமெரிக்காவில் கூகுள் மீது நடந்த ஏகபோக வழக்கில் வெளிவந்த கணக்கைப் பாருங்கள். போனிலும் உலாவியிலும் தானே முதல் தேடுபொறியாக இருப்பதற்காக மற்ற நிறுவனங்களுக்கு 2021இல் மட்டும் 2630 கோடி டாலர் கொடுத்திருக்கிறார்கள். 2024 ஆகஸ்ட் 5 அன்று நீதிபதி அமித் மேத்தா, கூகுள் சட்டத்தை மீறித் தன் ஏகபோகத்தைக் காத்துக்கொண்டது என்று தீர்ப்பளித்தார். கூகுள் சரக்கு நல்ல சரக்குதான் என்பதை அவரும் மறுக்கவில்லை. ஆனால் கடையில் முதல் தட்டில் அடுக்கி வைக்கவே இவ்வளவு செலவழிக்க வேண்டியிருந்தது என்றால், மக்கள் தேடித் தேர்ந்தெடுத்தார்கள் என்று எப்படிச் சொல்வது?


வாத்தியார் ரிட்டயர்டு:

தம்பி, கேள்வி பள்ளிக்கூடத்துக் கணினி பற்றியது. அமெரிக்க நீதிமன்றம் பற்றியது இல்லை.


வடலி:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். பழைய ஈழத்துச் சஞ்சிகைகளை வருடி (ஸ்கேன் செய்து), எழுத்தாக்கி வைக்கிற வேலையில் கொஞ்சக் காலமாக இருக்கிறேன், ஆகவே தமிழ்த் தேடலின் கண்ணீர்க் கதை எனக்கு நன்றாகத் தெரியும். நூலகி அக்கா, நீங்கள் தேடுபொறியை மட்டும் கூண்டில் ஏற்றுகிறீர்கள். பாதிக் குற்றம் எங்கள் எழுத்துகளிடம் இருக்கிறது.

உங்கள் தாராசுரத்தையே எடுங்கள். கோயில் பெயரை ஐராவதேஸ்வரர், ஐராவதீஸ்வரர், ஐராவதேசுவரர், மூன்று விதமாகவும் எழுதுகிறார்கள். பிள்ளை ஒன்றைத் தட்டுகிறான், பக்கத்தை எழுதினவர் மற்றதில் எழுதியிருக்கிறார். கட்டின அரசன் இரண்டாம் இராசராசனா ராஜராஜனா என்பது அடுத்த சிக்கல். இனி உங்கள் ஊர் மகாமகக் குளம். மகாமகக் குளம், மகாமக குளம், மகாமகக்குளம், மகாமகக் குளத்தில், மகாமகக் குளத்தின். ஆங்கிலத்தில் குளத்துக்கு முன்னால் தனியாக ஒரு சொல் வந்து நிற்கும், குளம் குளமாகவே இருக்கும். எங்களுக்குக் குளம் 'குளத்தில்' என்று உடைந்து வேறு உருவம் எடுக்கிறது, ஆறு 'ஆற்றில்' ஆகிறது, போதாததற்கு ஆறு எண்ணாகவும் இருக்கிறது. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிற இயந்திரத்துக்கு இவை எல்லாம் வெவ்வேறு சொற்கள். தமிழ் இலக்கணம் கொஞ்சமாவது தெரிந்தால்தான் வேரைப் பிடிக்கும். ஒரு தேடுபொறி தமிழில் கெட்டிக்காரனா என்று பார்க்க இதுதான் நல்ல சோதனை: 'குளம்' என்று தேடினால் 'குளத்தில்' உள்ள பக்கமும் வருகிறதா?

அடுத்தது கண்ணுக்குத் தெரியாத பிரச்சினை. 'கொ' என்ற எழுத்தை ஒருங்குறியில் (யூனிகோட், கணினிகள் எழுத்தைச் சேமிக்கிற பொதுத் தரம்) இரண்டு விதமாகச் சேமிக்கலாம். கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் வைக்கலாம், கொம்பு தனியாகக் கால் தனியாகவும் வைக்கலாம். திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. இது இரண்டும் ஒன்றுதான் என்று ஒருங்குறித் தரமே சொல்லிவிட்டது, ஆகவே ஒழுங்கான மென்பொருள் சமாளித்துவிடும். ஸ்ரீ அப்படி இல்லை. ஸகரத்தை வைத்து எழுதின ஸ்ரீ ஒன்று, 2005இல் ஒருங்குறியில் சேர்த்த ஶகரத்தை வைத்து எழுதின ஶ்ரீ இன்னொன்று. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும், ஆனால் தரத்தின்படி அவை வேறு வேறு. ஸ்ரீரங்கத்தைத் தேடினவன் பாதி ஸ்ரீரங்கத்தைத் தவறவிடக்கூடும்.

இதை எல்லாம் விட மோசம் ஔகாரம். ஔ என்பது தனி எழுத்து, தனி இலக்கம். விசைப்பலகையில் அதைக் கண்டுபிடிக்க முடியாதவர்கள் ஒகரத்தைப் போட்டுப் பக்கத்தில் ளகரத்தைப் போட்டுவிடுகிறார்கள். கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், கணினிக்கு அது 'ஒ', 'ள' என்ற இரண்டு எழுத்து. கோபிக்க வேண்டாம், உங்கள் கேள்வியிலேயே ஒளவையார் என்று அப்படித்தான் இருக்கிறது, நான் பிரதி எடுத்துப் பார்த்தேன். ஔவையார் என்று சரியாக எழுதிய பக்கங்களை அது பிடிக்குமா பிடிக்காதா என்பது அந்தத் தேடுபொறி எவ்வளவு இரக்கம் உள்ளது என்பதைப் பொறுத்தது.

இதற்கும் பின்னால் ஒரு இருட்டறை இருக்கிறது. ஒருங்குறி வருவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு எழுத்துரு. எங்கள் பக்கம் பாமினி. பாமினியில் 'தமிழ்' என்று தட்டினால் உள்ளே பதிவாவது ஆங்கில ஜே, கே, பி, ஓ, அதன்பின் ஒரு அரைப்புள்ளி. எழுத்துரு இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் பூச்சி ஊர்ந்த மாதிரி. எந்தத் தேடுபொறி படித்தாலும் அதற்கு அது தமிழ் என்றே தெரியாது. உங்கள் பக்கம் வானவில், டாப், டாம் என்று எத்தனையோ. தமிழ்நாட்டு அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றது, ஆனால் அதற்கு முன்னால் போட்ட கோப்புகள் தானாக மாறிவிடுமா? வருடி ஏற்றின படங்கள் இன்னும் கனக்க. 1998இல் தொடங்கின மதுரைத் திட்டக்காரர் இலக்கியங்களைப் படமாகப் போடாமல் எழுத்தாகவே தட்டினார்கள், பிறகு ஒருங்குறிக்கும் மாற்றினார்கள், அந்தப் புண்ணியத்தில்தான் சங்கப் பாட்டு தேடினால் இன்றைக்குக் கிடைக்கிறது.

ஆகவே கூகுளா டக்டக்கோவா என்பதற்கு முன்னால், நீங்கள் தேடுவது தேடக்கூடிய வடிவில் இருக்கிறதா என்று பாருங்கள்.


கும்பகோணத்து நூலகி:

ஐயோ, என் ஒளவையார் இப்படிக் காலை வாரிவிட்டாரா! விண்டோஸில் இருக்கிற தட்டச்சில்தான் அடிக்கிறேன், இத்தனை நாள் கவனிக்கவே இல்லை. வடலி, மிக்க நன்றி, இதைப் படித்துவிட்டு இரண்டு தடவை எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

சரி, பிங்கின் கையில் தமிழ் எப்படி, கூகுளின் கையில் எப்படி என்று நானே பார்த்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் எப்படிச் சோதிப்பது? நான் கூகுள் பழகிய ஆள், அதன் பக்கமே சாய்வேன். பிள்ளைகளும் அப்படித்தான்.


பழைய அட்டைப்பெட்டி:

38 வருடம் நூலகத்தில் இருந்தவன், உங்கள் கேள்வியைப் பார்த்ததும் கை துறுதுறுத்தது.

தேடுபொறியை மதிப்பிடுகிற முறையே ஒரு நூலகரிடமிருந்து வந்ததுதான் அம்மா. இங்கிலாந்தில் கிரான்ஃபீல்ட் என்ற இடத்தில் விமானவியல் கல்லூரி ஒன்று. அதில் சிரில் கிளெவர்டன் என்று ஒரு நூலகர். 1960களில், எந்த வகை அட்டவணைப்படுத்தல் நல்லது என்று எல்லாரும் வாயாலேயே சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, அவர் 1400 கட்டுரைகளையும் 200க்கு மேற்பட்ட கேள்விகளையும் எடுத்துக்கொண்டு, எந்தக் கேள்விக்கு எந்தக் கட்டுரை உண்மையிலேயே பயன்படும் என்று முதலில் ஆள்வைத்துக் குறித்துக்கொண்டார். அப்புறம் ஒவ்வொரு முறையையும் அதோடு ஒப்பிட்டார். இரண்டு கேள்விதான். வந்ததில் எத்தனை உருப்படி? உருப்படியானதில் எத்தனை வந்தது? ஒன்றைக் கூட்டப் போனால் மற்றது குறையும். வலையை அகலமாக வீசினால் மீனோடு பாசியும் வரும். பள்ளிப் பிள்ளைக்கு முதல் ஐந்து முடிவில் உருப்படி இருக்கிறதா என்பதே போதும், ஆராய்ச்சி செய்கிறவருக்குத்தான் ஒன்றுவிடாமல் வேண்டும்.

இதில் ஒரு எச்சரிக்கை. 2012இல் மைக்ரோசாஃப்ட் ஒரு விளம்பரம் செய்தது. பெயரை மறைத்துவிட்டு இரண்டு தேடுபொறியின் முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினோம், மக்கள் பிங்கைத்தான் இரண்டுக்கு ஒன்று என்று தேர்ந்தெடுத்தார்கள் என்றார்கள். மறு வருடம் யேல் பல்கலைக்கழகத்துச் சட்டப் பேராசிரியர் இயன் அய்ர்ஸ் அதே சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தார். அவருக்குக் கூகுள் 53 சதவீதம், பிங் 41 சதவீதம். அதில் எனக்குச் சுவையாகப்பட்ட இடம் வேறு. மைக்ரோசாஃப்ட் எடுத்துக்கொடுத்த சொற்களைத் தேடினவர்களிடம் பிங் நன்றாகத் தேறியது, ஆட்கள் தங்கள் சொந்தச் சொற்களைத் தேடும்போது தேறவில்லை. கேள்வியை யார் எடுத்துக்கொடுக்கிறார்கள் என்பதிலேயே பாதித் தீர்ப்பு இருக்கிறது.

அதனால் நீங்கள் உட்கார்ந்து கேள்வி யோசிக்காதீர்கள். பிள்ளைகள் உங்களிடம் வந்து கேட்டதை எழுதி வைத்திருப்பீர்களே, அதில் இருபதை எடுங்கள். அவர்கள் தட்டின எழுத்துப் பிழையோடு அப்படியே. ஒவ்வொன்றையும் இரண்டிலும் தேடி, முதல் ஐந்து முடிவின் தலைப்பையும் கீழே வரும் இரண்டு வரியையும் மட்டும் வெள்ளைத்தாளில் ஒட்டி, அ, ஆ என்று பெயர் போடுங்கள். எந்தக் கேள்வியில் எது அ என்பதைச் சீட்டுக் குலுக்கி மாற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இரண்டாவது தாளிலேயே மோப்பம் பிடித்துவிடுவார்கள். உங்களுக்குள் கணக்கு இருக்கட்டும். தமிழாசிரியர், அறிவியல் ஆசிரியர், மாணவர் ஒருவர், மூன்று பேர் குறி போடட்டும். கூகுளைச் சோதிக்கும்போது கணக்கிலிருந்து வெளியேறிவிடுங்கள், உங்கள் பழைய தேடல்களை வைத்து அது உங்களுக்கென்று சமைத்துத் தரும். டக்டக்கோவில் மேலே நாட்டைத் தேர்ந்தெடுக்கிற பொத்தான் இருக்கும், அதில் இந்தியாவை வைத்தும் வைக்காமலும் இரண்டு தடவை பாருங்கள்.


சுவிட்ச்போர்டு:

நல்ல முறை ஐயா. ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள், செயற்கை நுண்ணறிவு எழுதித் தருகிற பத்தியை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அதைத் தனியாக மதிப்பிட வேண்டும். 2024 மே மாதம் கூகுள் அமெரிக்காவில் அதை எல்லாருக்கும் திறந்துவிட்டதும் பீட்சாவில் சீஸ் ஒட்டுவதற்குப் பசை சேர்க்கச் சொன்னது, யாரோ பல வருடத்துக்கு முன்னால் ரெடிட் என்ற விவாதத் தளத்தில் கேலியாக எழுதினதை நிஜம் என்று எடுத்துக்கொண்டுவிட்டது. பிள்ளை அந்தப் பத்தியைப் பார்த்து எழுதிக்கொண்டு கீழே உள்ள சுட்டியைத் தொடாமலே போய்விடுவான். டக்டக்கோவிலும் இப்படி ஒன்று இருக்கிறது, ஆனால் அமைப்பில் போய் முழுக்க அணைத்துவிடலாம். பள்ளிக்கு இது ஒரு நல்ல காரணம்.

ரெடிட் என்றதும் இன்னொன்று, 2024 நடுவில் ரெடிட் மற்ற கிராலர்களுக்குக் கதவைச் சாத்தியது, கூகுளுக்கு மட்டும் ஒப்பந்தப்படி திறந்திருந்தது. இப்படிக் காசு கொடுத்தவருக்கு மட்டும் வலை என்று ஆகிக்கொண்டு போனால் சின்னத் தேடுபொறிகள் எவ்வளவு புத்திசாலியாக இருந்து என்ன பயன்?


வாத்தியார் ரிட்டயர்டு:

சோதனை முடிவை இங்கே போடுங்கள் டீச்சர். தோற்றால் ஒப்புக்கொள்கிறேன்.


கும்பகோணத்து நூலகி:

12 நாள் ஆகிவிட்டது, மன்னியுங்கள், இடையில் மாதத் தேர்வு. அட்டைப்பெட்டி ஐயா சொன்ன மாதிரியே செய்தோம், எங்கள் பள்ளியில் இப்படி ஒரு கூத்து நடந்ததே இல்லை, தமிழாசிரியர் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எந்தத் தேடுபொறி என்று கண்டுபிடிக்கப் பார்த்தார்! எது எந்தத் தேடுபொறி என்பதை மட்டும் இங்கே சொல்ல மாட்டேன். ஒரு பள்ளியில் ஒரு வாரம் இருபது கேள்வி வைத்துப் பார்த்ததை யாராவது படம் எடுத்துப் போட்டு "நிரூபணம்" என்று பரப்பிவிடுவார்கள். ஒன்று என்றும் மற்றது என்றும் சொல்கிறேன்.

ஆங்கிலத்தில் தட்டின அறிவியல் கேள்விகளில் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை, மூன்று பேரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி குறி போட்டார்கள். அடுத்த மகாமகம் எப்போது என்பதற்கு 2028 என்று இரண்டுமே முதல் முடிவில் காட்டின. பாடநூல் சம்பந்தமான கேள்விகளில் இரண்டுமே சொதப்பல். பாடநூல் இருக்கிற அரசுத் தளத்துக்கு முன்னாலேயே கைடு விற்கிற தளங்களும் தரவிறக்கம் என்று ஏமாற்றுகிற பக்கங்களும் வந்து நிற்கின்றன. சைட் கட்டளை போட்டதும் இரண்டிலும் சரியாக வந்தது. ஊர் விவரங்களில் வாத்தியார் ஐயா சொன்னது சரிதான், கடை, மருந்தகம், பஸ் நேரம் எல்லாம் ஒன்றில் வந்தது, மற்றதில் பெரிய ஊர் விவரமாகவே வந்தது.

தமிழில்தான் நிஜமான இடைவெளி. தாராசுரம் கேள்வியை மூன்று எழுத்துமுறையிலும் போட்டுப் பார்த்தோம். ஒன்று எப்படி எழுதினாலும் ஏறக்குறைய அதே பக்கங்களைக் கொண்டுவந்தது. மற்றது எழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது, 'ஸ்வ' போட்டால் ஒரு கூட்டம், 'சுவ' போட்டால் வேறு கூட்டம். ஆனால் கேளுங்கள், தமிழாசிரியர் இந்த இரண்டாவதைத்தான் நல்லது என்று குறி போட்டிருக்கிறார்! காரணம் கேட்டேன். 'சுவ' போட்டுத் தேடினபோது வந்த பக்கங்களில் கல்வெட்டு, கட்டடக்கலை என்று படித்தவர்கள் எழுதினது கூடுதலாக இருந்ததாம், முதலாவதில் சுற்றுலா வண்டி விளம்பரம்தான் முன்னால் நின்றதாம். மாணவன் நேர்மாறாகக் குறி போட்டிருக்கிறான். அவனுக்குக் கோயில் திறக்கும் நேரமும் படமும் வேண்டியிருந்தது. இதை எப்படி ஒரு பக்கத்தில் எழுதுவது என்று நான் இரண்டு நாள் முழித்தேன்.

கடைசியில் தலைமையாசிரியரிடம் கொடுத்த குறிப்பில், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை பயன்படுத்துகிற 6 கணினியில் கண்டிப்பான வடிகட்டலோடு டக்டக்கோ, செயற்கை நுண்ணறிவுப் பத்தியை அணைத்து. மற்ற 8 கணினியில் கூகுள் இருக்கட்டும், ஆனால் யாரும் சொந்தக் கணக்கில் நுழையக்கூடாது. உலாவியை மூடினால் வரலாறு அழிகிற மாதிரி எல்லாவற்றிலும் வைத்துவிட்டேன். "பாதிப் பாதியா?" என்று முகம் சுளித்தார், அப்புறம் கையெழுத்துப் போட்டார். வாத்தியார் ஐயா தோற்கவும் இல்லை ஜெயிக்கவும் இல்லை.

வடலிக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் ஔகாரக் கதையைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. எங்கள் நூலகப் புத்தகப் பட்டியல் எக்செல் கோப்பில் இருக்கிறது, எனக்கு முன்னால் இருந்தவர்கள் தொடங்கி வைத்தது, ஐந்து வருடமாக நான் சேர்த்துக்கொண்டு வருகிறேன். அதைத் திறந்து சரியான ஔவையாரைத் தேடினேன். 7 புத்தகம் என்றது. ஒகரமும் ளகரமும் போட்டுத் தேடினேன். 23.


வடலி:

அக்கா, அந்த 23ஐயும் மாற்றும்போது ஔரங்கசீப், ஔடதம் இரண்டையும் ஒருக்கால் பாருங்கள். முழுக் கோப்பிலும் ஒரே அடியாக மாற்றிவிடாதீர்கள், 'ஒளி', 'ஒளிவு' என்று உண்மையிலேயே ஒகரமும் ளகரமும் வருகிற சொற்களும் சேர்ந்து போய்விடும்.


கும்பகோணத்து நூலகி:

ஏற்கெனவே ஒளிச்சேர்க்கையை 'ஔிச்சேர்க்கை' ஆக்கிவிட்டேன். பழைய பிரதி பென்டிரைவில் இருக்கிறது, நாளைக்கு முதல் வேலை அதுதான்.